ஒரு வரிக்கு இடமில்லை

1

இந்தக் கதையை இதுவரை எட்டு முறை தொடங்கியிருக்கிறேன். எட்டு முறையும் பாதியில் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். பயம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கும். எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், எழுதிய பக்கத்தைத் திரும்பப் பார்க்கவே மனசு வராது.

கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2008 நவம்பரில், கொல்லிமலையில் ஒரு வீட்டில் வைத்திருந்த பெட்டி ஒன்று பதினாறு மணி நேரத்துக்கு மேல் பேசாமல் இருந்தது. அவ்வளவுதான். பேசாத பெட்டியில் என்னய்யா கதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் அதையே கேட்டுக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

ஒரு விதி வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் எந்த வாக்கியத்தையும் அடிக்கப்போவதில்லை. பிடிக்காத வாக்கியம் வந்தால் அது அப்படியே கிடக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் புலம்பலும் கிடக்கும். ஏன் இந்த வீம்பு என்று ஏழாம் பகுதியில் சொல்கிறேன், அதற்குள் தைரியம் வந்தால்.

என் பழைய தொடக்கங்களில் சில:

"மேகம் இறங்கி மலையை முத்தமிட்டுக்கொண்டிருந்த ஒரு கார்த்திகைக் காலையில்..." [முத்தமாவது மண்ணாவது! அன்று மலை மேல் மூன்று நாளாகக் கரண்டு இல்லை.]

"கொல்லிப்பாவை சிரித்தாள்..." [கொல்லிமலை என்று எழுதினாலே கை தானாக அவளிடம் போய்விடுகிறது. சிரித்தே ஆளைக் கொல்கிற அவள் இந்தக் கதைக்கு வரவில்லை. இங்கே யாரையும் கொல்ல நினைத்தவர்கள் ஒருவர்கூட இல்லை, அதுதான் சிக்கல்.]

"பிரபாவதி கம்ப்யூட்டரைப் போட்டாள். நான்காம் எண் பெட்டிக்கு நேராக ஒன்றுமே இல்லை."

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

2

பிரபாவதி கம்ப்யூட்டரைப் போட்டாள். நான்காம் எண் பெட்டிக்கு நேராக ஒன்றுமே இல்லை.

காலை எட்டரை மணி. நாமக்கல்லில், மருத்துவக் கருவி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றின் அறை. மொத்தமே ஆறு பேர் வேலை செய்கிற இடம். பிரபாவதிக்கு இருபத்தாறு வயது. சேந்தமங்கலம் பக்கத்தில் மரவள்ளி போடுகிற குடும்பத்துப் பெண். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்.

அந்தக் கம்பெனி செய்த பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் வீட்டில் வைப்பதற்கானது. காலையும் மாலையும் நெஞ்சில் மூன்று ஒயரை ஒட்டிக்கொண்டு பத்து நிமிடம் படுத்தால், நெஞ்சுத் துடிப்பைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். முகப்பில் ஒரு சிவப்புப் பொத்தான். வலி வந்தால் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும். மலை மேல் சோளக்காடு ஊரில் நிற்கும் ஆம்புலன்ஸ் வண்டி கிளம்பும். மற்ற நேரத்தில் பெட்டி மணிக்கு ஒருமுறை கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு 'நான் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும்.

மலையில் பன்னிரண்டு வீடுகளில் வைத்திருந்தார்கள். நான்காவது, திருப்புலி நாடு என்கிற பகுதியில் சின்னுசாமியின் வீடு. ஐம்பத்தெட்டு வயது. மிளகுக் கொடி ஏறிய மரங்களில் நாளெல்லாம் ஏறி இறங்கிய மனிதர். டாக்டர் இனி மரம் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார். மனைவி பொன்னாயி, மகன் யுவராஜ், மருமகள் கோகிலா.

நான்காம் பெட்டியின் கடைசிச் செய்தி முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு வந்திருந்தது. ஆறுக்கு இல்லை. ஏழுக்கு இல்லை. விடியும்வரை இல்லை.

பிரபாவதி உடனே யுவராஜின் செல்லுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

"பொத்தான் அமுக்கலீங்களே மேடம்," என்றார் அங்கே பேசியவர். "அமுக்குனா இந்நேரம் மணி அடிச்சிருக்கும். பன்னெண்டு ஊட்டுக்கும் ஒரே வண்டிங்க. சும்மா எப்படி அனுப்பறது?"

"செய்தியே வரலீங்க. பதினஞ்சு மணி நேரமா வரல."

"செய்தி உங்க பக்கம் வாரதுங்க. மணி எங்க பக்கம் அடிக்கறது. மணி அடிக்கல."

[இங்கே அந்த ஆளைக் கொஞ்சம் கொடூரமாகக் காட்டலாம் என்று எனக்கு ஆசை. காட்டினால் வாசகரின் கோபம் அந்தப் பக்கம் போய்விடும், நான் தப்பிக்கலாம். ஆனால் அவர் நல்ல மனிதர். சொன்னதும் விதிப்படி சரி.]

பிரபாவதி ஒரு புதுப் பாட்டரியையும் லேப்டாப்பையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

3

பஸ் வருவதற்குள் மோடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், சின்னதுதான்.

பெட்டிக்குள் மோடம் என்று ஒரு சில்லு இருக்கிறது. டவரோடு பேசுவது அதுதான். அதற்கென்று தனிப் பாட்டரி கிடையாது. பெட்டி போடுகிற சோறுதான். தூங்கும்போது அது ஒன்றும் கேட்காது. எழுந்து டவரைத் தேடும்போது பசிக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசி முடித்துக்கொள்ளும். தூரமாக இருந்தாலோ, நடுவில் ஏதாவது மறைத்தாலோ, தொண்டை கிழியக் கத்தும். கத்தக் கத்தப் பாட்டரியை மடக்மடக்கென்று குடிக்கும். அதை எப்போது எழுப்புவது, எவ்வளவு நேரம் கத்த விடுவது, எப்போது கரண்டை நிறுத்திப் 'போதும், படு' என்று சொல்வது, இதெல்லாம் பிரபாவதியின் வேலை. ஒழுங்காகத் தூங்க வைத்தால் ஒரு சார்ஜ் ஐந்து நாள் தாங்கும். அந்த வருடத்து மின்வெட்டில், மலையில் ஐந்து நாள் தாங்கியே ஆக வேண்டும்.

பெட்டியை வைக்கப் போன நாளில் சின்னுசாமியிடம் இதை அவள் விளக்கினாள். அவர் பெட்டியைக் காதோரம் வைத்துப் பார்த்தார்.

"அப்ப உள்ள இருக்கற புள்ள முக்கால்வாசி நேரம் தூங்குதுன்னு சொல்லுங்க."

"ஆமாங்க."

"எங்கூட்டு யுவராஜ் மாதிரி."

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடு முழுக்க நடந்து பார்த்து, கிழக்கு ஜன்னல் ஓரத்துப் பலகையில்தான் டவர் நன்றாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிட்டு வந்தாள் பிரபாவதி.

முதலில் அவள் எழுதிய விதி இது: மூன்று முறை தேடு, டவர் கிடைக்காவிட்டால் மோடத்தின் கரண்டை நிறுத்து, அடுத்த மணிக்கு எழுப்பு. நல்ல விதி. ஆகஸ்டில் ஒருநாள் பகலில் நான்காம் பெட்டியின் ஒரு செய்தி வராமல் போனது. பனிமூட்டமோ என்னவோ. அந்த ஒரு மணி நேரம் பிரபாவதி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. அடுத்த மணிக்குச் செய்தி வந்ததும் நாற்காலியில் சாய்ந்து அழுதே விட்டாள். அன்று மாலையே 'மூன்று முறை' என்பதை எடுத்துவிட்டு 'கிடைக்கும் வரை' என்று மாற்றினாள்.

"ஏம்மா பிரபா, பாட்டரி தாங்குமா?" என்று முதலாளி தரணிதரன் கேட்டார்.

"அந்தப் பலகையில ரெண்டு நிமிஷத்துக்கு மேல டவர் கிடைக்காம இருந்ததே இல்லீங்க சார்."

அது உண்மை. பலகையில் இருக்கும்வரை உண்மை.

அவள் ஏன் அப்படிப் பயந்தாள் என்பதற்குக் காரணம் உண்டு. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா சுப்பண்ணன் தோட்டத்து மோட்டார் ரூமில் மயங்கி விழுந்து, மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியாமல்...*

*[பொய். நான் கட்டியது. சுப்பண்ணன் இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். போன மாதம் பார்த்தேன், மரவள்ளிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். பிரபாவதியின் பயத்துக்கு ஒரு செத்த அப்பா தேவை என்று எனக்குத் தோன்றியது. தேவையில்லை. முகம் தெரிந்த ஒரு மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படப் பழைய சாவு எதுவும் வேண்டியதில்லை.]

4

மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. மொத்தம் எழுபது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நம்பர் பலகை. பிரபாவதி எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ணாமல் இருந்தால் வேறு நினைப்பு வந்தது.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். பொன்னாயி பொத்தானை அமுக்குகிறார். பெட்டி செத்துக் கிடக்கிறது. இதுதான் அந்த நினைப்பு. எட்டு, ஒன்பது, பத்து. பெட்டி கெட்டுப்போயிருக்கலாம், அவர் நன்றாக இருக்கலாம். பதினாலு. கெட்டுப்போன பெட்டி இருக்கும் வீட்டில்தான் அன்றைக்கென்று பார்த்து வலி வரும். இருபது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இருபத்தொன்று.

கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்முணி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது. வாந்தி வருதுங்களா? முன்னால வந்து உக்காருங்க."

"வாந்தி இல்லீங்கண்ணா. பஸ் கொஞ்சம் வெரசாப் போகாதுங்களா?"

"இந்த ரோட்டுல வெரசாப் போனா கீழதானுங்க போகோணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரபாவதி பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். மழை ஜன்னல் தகரத்தில் அடித்தது. முப்பது தாண்டியதும் மேகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டது. டிரைவர் விளக்கைப் போட்டு ஹாரனை அடித்துக்கொண்டே ஏற்றினார்.

நாற்பத்தொன்றாம் வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஜீப் நின்றது. பின்னுக்குப் போய்ப் பாறையை ஒட்டி ஒதுங்கியது. பஸ் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல், முன்னும் பின்னும் அசைந்து அசைந்து வளைந்தது. ஜீப்காரர் தலையை வெளியே நீட்டி என்னவோ கத்தினார். மழையில் கேட்கவில்லை.

பிரபாவதி ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். ஜீப்பின் பின்பக்கம் தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. உள்ளே ஒரு அம்மா யாருடைய தலையையோ மடியில் வைத்துக் கம்பளியால் மூடிக்கொண்டிருந்தார். யாருக்கோ பிரசவம் போல என்று நினைத்தாள். அடுத்த நொடியே, முதலில் நம்ம பஸ் போய்விட வேண்டும், சாமி, நான் சீக்கிரம் போகணும் என்று வேண்டிக்கொண்டாள்.

பஸ் போனது. ஜீப் மூன்று நிமிடமாவது காத்திருந்திருக்கும்.

[இந்த ஜீப்பை எடுத்துவிடு, கதைக்காக வைத்தது போல் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வைத்தது அல்ல. எழுபது வளைவுக்கும் ரோடு ஒன்றுதான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்காவது ஒரு வளைவில் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.]

5

சோளக்காட்டில் இறங்கி, பலாப்பழமும் மிளகு மூட்டையும் நனைந்து கிடந்த கடைகளைத் தாண்டி, ஒரு சரக்கு ஆட்டோவைக் கெஞ்சிப் பிடித்து, கடைசி ஒரு மைலைச் சேற்றில் நடந்து அந்த வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. முன் அறையில் யாரும் இல்லை.

"அம்மா! ஏனுங்கம்மா!"

தோட்டத்துப் பக்கமிருந்து பதில் வந்தது. "யாருங்க அது?"

ஓடிப்போய்ப் பார்த்தால் சின்னுசாமி மரத்தின் மேல் இருக்கிறார். தோளில் சாக்கு, கையில் பச்சை மிளகுக் கொத்து.

"எறங்குங்க! டாக்டர் மரம் ஏறக்கூடாதுன்னு சொன்னாருங்களா இல்லீங்களா?"

"டாக்டரா வந்து மொளகு பறிப்பாரு? சத்தம் போடாதீங்க சாமி, பொன்னாயிக்குக் கேட்டா அம்புட்டுத்தான்."

பிரபாவதி மரத்தடிச் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். பெட்டியில் பாட்டரிதான் தீர்ந்திருந்தது. புதுப் பாட்டரியைப் போட்டதும் நான்காம் எண் பெட்டி நாமக்கல்லுக்குச் செய்தி அனுப்பியது: நான் இருக்கிறேன்.

முற்றும்.

[எவ்வளவு நன்றாக இருக்கிறது, பார்த்தீர்களா? இந்த முடிவை ஐந்து முறை எழுதிவிட்டு, மனசு கேட்காமல் உண்மைக்கே திரும்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சின்னுசாமி மரத்தில் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருப்பார். இதைப் பத்திரிகைக்கே அனுப்பியிருப்பேன்; வரவும் வந்திருக்கும். 'ஏனுங்கம்மா' என்று அவள் கூப்பிட்டதுவரை உண்மை. அதற்குப் பிறகு வந்தது முழுவதும் என் ஆசை.]

6

"ஏனுங்கம்மா!"

உள் அறையிலிருந்து கோகிலா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பிரபாவதியைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம் இல்லை. நல்லவேளை வந்துவிட்டீர்கள் என்கிற மாதிரி இருந்தது. அதுதான் பிரபாவதியைக் கொன்றது.

"மணி அடிச்சு வந்தீங்களா மேடம்? அப்பவே ஜீப்புல கொண்டுட்டுப் போனாங்க. மாமா, அத்தை, அவரு மூணு பேரும். எதுக்கால பாத்திருப்பீங்களே."

பிரபாவதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்க வலி வந்துச்சு?"

"காலையில ஒம்பதுக்குங்க. மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு, எடது கையெல்லாம் நோவுதுன்னாரு. அத்தை உடனே பொத்தானை அமுக்குனாங்க. லைட்டு வரல. மறுக்கா மறுக்கா அமுக்கிட்டே இருந்தாங்க. லைட்டு வராட்டியும் உள்ளுக்குள்ள போயிருக்கும், வண்டி வந்துரும்னு இருந்தோம். எங்கூட்டுக்காரரு ஜீப்பு கூட்டியாரேன்னு நின்னாரு. அத்தைதான், நீங்க குடுத்த தாள்ல வண்டி வரவரைக்கும் காத்திருக்கோணும்னு போட்டிருக்குது, நோயாளிய அசைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுன்னு சொன்னாங்க. ஒரு மணி நேரம் பாத்தோமுங்க. அப்பறம் அவரு பொறுக்க மாட்டாம ஓடிட்டாரு."

ஒரு மணி நேரம். பிரபாவதி ஜன்னல் ஓரத்துப் பலகையைப் பார்த்தாள். சாக்பீஸ் கட்டம் இருந்தது. பெட்டி இல்லை. பலகைக்கு மேலே மழைநீர் கூரைப்புல்லில் ஒழுகி, கட்டத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொட்டி எங்கீங்க?"

கோகிலா மூலையிலிருந்து ஒரு பித்தளைப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அகன்ற வாய், கனத்த மூடி. திறந்தாள். உள்ளே மஞ்சள் துணி, துணிக்குள் பெட்டி. சுற்றிலும் விதைச் சாமை.

"நேத்து சாயங்காலம் மழை ஊத்துச்சுங்க. நனையக் கூடாத சாமானம் எல்லாம் எங்கூட்டுல போசியிலதான் வெப்போம். விதை, ரேசன் கார்டு, பட்டா எல்லாமே. அமுக்கி முடிச்ச கையோட அத்தை மறுக்கா உள்ள வெச்சுட்டுத்தான் ஜீப்புல ஏறுனாங்க. ஒரு பொட்டுத் தண்ணி படலீங்க."

பிரபாவதி புதுப் பாட்டரியைப் போட்டு, லேப்டாப்பில் செருகி, பெட்டி தானே எழுதிவைத்திருந்த குறிப்பைப் படித்தாள். மாலை ஆறு மணி: டவர் இல்லை, தேடுகிறேன். ஆறு ஒன்று: டவர் இல்லை, தேடுகிறேன். ஆறு இரண்டு. ஆறு மூன்று. டவரை மறைக்கும் பித்தளைக்குள் உட்கார்ந்துகொண்டு மோடம் முழுப் பலத்தில் கத்தியிருக்கிறது. அவள் சொல்லியிருந்தபடியே விடவில்லை. மூன்று முறை தேடிவிட்டுப் படுத்திருந்தால் விடியும்போது பாட்டரியில் இன்னும் ஒரு நாளுக்காவது மிச்சம் இருந்திருக்கும். பலகையில் கொண்டுபோய் வைத்து அமுக்கினால் மணி அடித்திருக்கும். படுக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டே முக்காலோடு குறிப்பு நின்றுபோயிருந்தது.

"கெட்டுப் போச்சுங்களா மேடம்?" என்று கோகிலா கேட்டாள்.

"பாட்டரி தீந்து போச்சுங்க," என்றாள் பிரபாவதி. 

சின்னுசாமி காரவள்ளி வருவதற்கு முன்பே ஜீப்பில் இறந்துவிட்டார். அறுபதாவது வளைவுக்குப் பக்கத்தில் என்று யுவராஜ் பிறகு...* 

*[இல்லை. நம்பர் கீழிருந்து ஏறும். இறங்கும்போது நாற்பத்தொன்றுக்குப் பிறகு அறுபது வராது. எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் என்றுதான் யுவராஜ் சொன்னான். பாருங்கள், அவர் பஸ்ஸைச் சந்திக்கும் முன்பே போய்விட்டார் என்று என் கை எழுதப் பார்க்கிறது. அந்த மூன்று நிமிடம் கணக்கில் வராமல் இருக்கட்டும் என்று.]

7

சரி. ஏழாம் பகுதி வந்துவிட்டது. தைரியம் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கோகிலா சொன்ன தாள் எது என்று கவனித்தீர்களா? பெட்டியோடு எல்லா வீட்டுக்கும் கொடுத்த தாள். பெட்டியை எப்படி வைத்துக்கொள்வது என்று பன்னிரண்டு குறிப்புகள், நல்ல தமிழில். அதை எழுதியவன் நான்தான். என் பெயர் குணசேகரன். நாமக்கல்லில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கதையும் எழுதுவேன் என்று தரணிதரனுக்குத் தெரியும். "படிக்காத சனத்துக்கும் புரியணும், குணா. ஒரே பக்கத்துல அடங்கணும்," என்றார்.

பிரபாவதி எனக்குப் பதின்மூன்று குறிப்புகள் கொடுத்தாள். நான்காவது: 'பெட்டியை மழையில் நனையாமல் வைக்கவும்.' ஐந்தாவது: 'பெட்டியை இரும்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரத்துக்குள் வைக்கக் கூடாது.'

அச்சுக்கோர்த்துப் பார்த்தால் ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. எழுத்தைச் சிறிதாக்கினால் வயசானவர்களால் படிக்க முடியாது. எதையாவது எடுக்க வேண்டும். பெட்டியைக் கொண்டுபோய் யாராவது பாத்திரத்துக்குள் வைப்பார்களா என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, ஐந்தாவதை அடித்தேன். சிவப்பு மையில், ஒரே இழுப்பு. வேலை கச்சிதமாக முடிந்தது என்று சந்தோஷமாக இருந்தது. பிரபாவதியிடம் அதைச் சொல்லவுமில்லை.

இத்தனை நாள் பிரபாவதியின் கதை என்று சொல்லிக்கொண்டு நான் எழுதிவந்தது இதற்காகத்தான். அவள் 'மூன்று' என்பதை அடித்தாள், பயத்தில். நான் ஒரு வரியை அடித்தேன், அழகுக்காக. இரண்டில் எது மோசம் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

[இந்தப் பத்தியின் கடைசி வாக்கியம் கொஞ்சம் நடிப்பாக இருக்கிறது. விதிப்படி கிடக்கட்டும்.]

8

இருபது நாள் கழித்து பிரபாவதி மலைக்குப் போனாள். இந்த முறை கூட நானும் போனேன். மோடத்தின் விதியை அவள் பன்னிரண்டு பெட்டிக்கும் மாற்றி எழுதியிருந்தாள்: மூன்று முறை தேடு, பிறகு தூங்கு. என் பையில் பதின்மூன்று குறிப்புகளோடு புதிய தாள்கள் இருந்தன. ஐந்தாவது குறிப்பைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். மற்ற வீடுகளுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். விதியை மாற்றினாலும் போசிக்குள் இருக்கும் பெட்டியிலிருந்து எந்த மணியும் அடிக்காது.

சின்னுசாமி வீட்டுக்கு மேலே இரண்டாவது வீடு கருப்பண்ணனுடையது. ஐந்தாம் எண் பெட்டி அங்கே. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. தாளை அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவள் கோகிலா.

இது எனக்குப் பஸ்ஸில், நாற்பத்தொன்றாம் வளைவில்தான் உறைத்தது. ஐந்தாம் குறிப்பைக் கோகிலா வாசிப்பாள். வாசித்துவிட்டு வீட்டுக்கு வருவாள். மாமியார் முகத்தைப் பார்ப்பாள்.  கண்டக்டர் வந்து வாந்தி வருதுங்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

பொன்னாயி எங்களைக் கோரைப்பாயில் உட்கார வைத்தார். பழைய தாள் சுவரில் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தது, ஓரம்கூடக் கிழியவில்லை. காப்பி கொடுத்தார். பிரபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைக் காட்டி, இவர்தான் தாளை எழுதியவர் என்று பிரபாவதி சொன்னாள்.

"நல்லா வெளங்கற மாதிரி எழுதியிருந்தீங்க சாமி," என்றார் பொன்னாயி. "கோகிலா படிச்சு, எனக்குப் பாடமே ஆயிப்போச்சு. அசைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, அசைக்கல. காத்திருக்கோணும்னு இருந்துச்சு, காத்திருந்தோம்."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் கூரையில் விழுந்தது. பொன்னாயி எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்தார். இனி அது அவர்களுக்குத் தேவையில்லை, திருப்பிக் கொடுக்கத்தான். மஞ்சள் துணியில் சுற்றி, போசிக்குள் வைத்து, மூடியை அமுக்கி மூடினார்.

"போசியோடயே எடுத்துட்டுப் போங்க. மழை வருது. போசிய அப்பறம் மெதுவா யாருகிட்டயாச்சும் குடுத்தனுப்புங்க."

போசியை என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு மூடியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், சொல்லுங்க. நனையக் கூடாதுன்னு தாள்ல இருந்துச்சு. ஒரு சொட்டு படாம இதுக்குள்ளாறதான் வெச்சிருந்தேன். அது பேசாமப் போச்சே... நா வெச்சது சரிதானுங்களே?"

கோகிலா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிரபாவதி என்னைப் பார்த்தாள். வாக்கியம் எழுதுகிறவன் நீதானே, சொல் என்கிற மாதிரி பார்த்தாள்.

சரிதான் என்று சொன்னால், பையில் இருக்கும் தாள்களை வெளியே எடுக்க முடியாது. அடுத்த மழைக்குக் கருப்பண்ணன் வீட்டுப் பெட்டியும் போசிக்குள் போகும். தப்பு என்று சொன்னால், இந்த அம்மா மீதியிருக்கிற நாளெல்லாம் இந்த மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். அந்தத் தாளில் அந்த வரி இல்லாமல் போனது என்னால்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவர் என்னைத் திட்ட மாட்டார். 'அப்ப வெச்சது தப்புத்தானுங்களா' என்று மறுபடி அதையேதான் கேட்பார்.

அன்று நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போகும்போதுதான் எட்டு முறையும் நின்றேன். இந்த முறையும் என்னால் முடியவில்லை. தாளில் ஒரு வரிக்கு இடமில்லை என்று அன்று அடித்தேன். இங்கே இடம் இருக்கிறது. பொன்னாயி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை கனக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.

"ஏனுங்கம்மா, ......................................................................"